பாரிஸ் மேலங்கி ஒன்றின் கோட்டோவியத்தை எப்படிப் பார்ப்பது?

1950-களில் பாரிஸில் வரையப்பட்ட ஆடைப் படம் ஒன்றை முதல்முறை பார்க்கும்போது கண் போவது அதிலிருக்கும் பெண்ணிடம்தான். நீண்ட கழுத்து, சின்னத் தலை, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு. முகத்தில் கண்ணும் மூக்கும்கூட இருக்காது. சில படங்களில் தொப்பி மட்டும் இருக்கும். அவள் போட்டிருக்கும் மேலங்கியை மட்டும் தனியே எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கோடுகள் தேறும். இதை வைத்தா ஒரு உடுப்பைத் தைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

ஆமாம், இதை வைத்துத்தான் தைத்தார்கள். இன்று இந்தப் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கண்காட்சிச் சுவரில் மாட்டுகிறார்கள், நாமும் ஓவியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நகர்கிறோம். வரைந்தவருடைய மனதில் வேறொரு ஆள் இருந்தார்: மாடியில், தையற்கூடத்தில், கத்தரியும் ஊசியும் கைவந்த ஒருவர். அவருக்கு எழுதிய கடிதம் இது. தெரிந்தவர் தெரிந்தவருக்கு எழுதியதால்தான் இவ்வளவு சுருக்கம். நாமும் கொஞ்சம் தையற்காரரின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டால் அதை வாசித்துவிடலாம்.

சொல் பற்றி ஒன்று. பேச்சில் நாம் இதைக் 'கோட்' என்போம். எழுதும்போது 'கோட்டின்' என்றால் உடுப்பா, வரைந்த கோடா என்ற குழப்பம் வந்துவிடுகிறது. இரண்டும் மாறி மாறி வரப்போவதால் உடுப்பை மேலங்கி என்றே எழுதுகிறேன்.

குளிர் நாட்டில் மேலங்கியின் இடம் நமக்கு உடனே பிடிபடாது. பாரிஸில் இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் வரும்வரை ஒரு பெண் தெருவில் இறங்கினால் மற்றவர்கள் பார்ப்பது அவளுடைய மேலங்கியைத்தான். உள்ளே எவ்வளவு அழகான கவுன் இருந்தாலும் அது வீட்டுக்குள் போய்க் கழற்றிய பிறகுதான் தெரியும். அதோடு மேலங்கி கவுனுக்கு மேல் வர வேண்டும், உள்ளே இருப்பதைக் கசக்கக் கூடாது, கையைத் தூக்கிப் பேருந்துக் கம்பியைப் பிடிக்க விட வேண்டும், கனமான கம்பளித் துணியிலும் உடல் மூட்டையாகத் தெரியக் கூடாது. ஆடைக் கலைஞருக்கு இது சுலபமான வேலை இல்லை.

கிறிஸ்டியன் டியோரை எடுத்துக்கொள்வோம். 1905-இல் பிறந்தவர். 1930-களில் குடும்பத் தொழில் நொடித்து வருமானமில்லாமல் நின்றபோது, தொப்பிப் படமும் உடுப்புப் படமும் வரைந்து பாரிஸ் ஆடை நிறுவனங்களுக்கு விற்றுப் பிழைத்தார். பிறகு ரொபேர் பிகே, லூசியான் லெலோங் ஆகியோரின் நிறுவனங்களில் வேலை பார்த்தார். 1946-இன் கடைசியில், துணி ஆலை முதலாளி மார்செல் பூசாக்கின் பண உதவியோடு, மொந்தேன் அவென்யூ 30-ஆம் எண் கட்டடத்தில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1947 பிப்ரவரி 12 அன்று அவர் காட்டிய முதல் தொகுப்புதான் 'நியூ லுக்' என்ற பெயரில் உலகம் சுற்றியது. போர்க்காலத்தின் பேட் வைத்த சதுரத் தோளும் குட்டைப் பாவாடையும் போய், சரிந்த மென்மையான தோளும் ஒடுங்கிய இடுப்பும் விரிந்த நீளப் பாவாடையும் வந்தன. பிரிட்டனில் துணி ரேஷன் 1949 வரை நீடித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அவ்வளவு துணியை அள்ளி வீசிய ஒரு உடுப்பைப் பார்த்துச் சிலர் ஏன் கோபப்பட்டார்கள் என்பதும் புரியும், பலர் ஏன் ஏங்கினார்கள் என்பதும் புரியும்.

டியோர் தையற்காரராகப் பயின்றவர் இல்லை. அவருடைய கருவி பென்சில். அதனால்தான் அவரிடம் கோட்டோவியத்துக்கு இவ்வளவு எடை. புதிய தொகுப்புக்கான காலம் வந்ததும் பாரிஸை விட்டுக் கிராமத்து வீட்டுக்குப் போய்விடுவார். படுக்கையில், குளியல் தொட்டியில், சாப்பாட்டு மேசையில், காரில் என்று கைக்கு வந்த இடத்திலெல்லாம் கிறுக்குவதைப் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். இப்படிச் சட்டென்று போடும் படத்துக்குப் பிரெஞ்சில் 'குரோக்கி' என்று பெயர். அதில் துணி என்ன என்பதுகூட இருக்காது. உருவம் மட்டும்தான்.

குவிந்த படங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை மார்கரீத் காரே என்ற பெண்மணியின் கைக்குப் போகும். டியோர் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பொறுப்பு முழுக்க அவருடையது. எந்தப் படம் எந்தக் கைக்குப் பொருந்தும் என்று பார்த்துத் தையற்கூடங்களுக்கு அவர் பிரித்துக் கொடுப்பார். பாரிஸ் உயர்தர ஆடை நிறுவனங்களில், அதாவது 'ஓத் கூத்தூர்' இல்லங்களில், தையற்கூடம் இரண்டு வகை. மெல்லிய, நழுவும் துணிகளைத் தைப்பது 'ஃப்ளூ'. ஜாக்கெட், மேலங்கி போன்ற கட்டமைப்பான உடுப்புகளைத் தைப்பது 'தையேர்'. மேலங்கிப் படம் இரண்டாவதற்குத்தான் போகும். ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு தலைவர் உண்டு. 1947-இல் டியோரின் தையேர் கூடத்துக்குத் தலைவராக இருந்தவர் பியேர் கார்தேன். பிற்பாடு தன் பெயரிலேயே பெரிய நிறுவனம் நடத்திய அதே கார்தேன்தான்.

கூடத்துக்கு வந்த படம் முதலில் நல்ல துணியில் தைக்கப்படுவதில்லை. சாதாரணப் பருத்தித் துணியில், நம் ஊரில் காடாத் துணி என்கிறோமே அந்த மாதிரித் துணியில், ஒரு மாதிரி உடுப்பு செய்வார்கள். அதற்கு 'துவால்' என்று பெயர். நிறமில்லை, பூ வேலை இல்லை, பட்டன் இல்லை. உருவம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கலாம். கலைஞர் துவாலைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் துணி தேர்வு. சுருட்டு சுருட்டாகத் துணி வரும், மாடல் பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்து முடிவு செய்வார்கள்.

ஆக, படம் ஒரு நீண்ட பயணத்தின் முதல் காலடி. இந்தப் பயணத்தைத் தெரிந்துகொண்டு படத்துக்குத் திரும்புவோம்.

முதலில் பெண்ணை மறந்துவிடுங்கள். அவளுடைய உடல் பொய். நிஜத்தில் ஒரு ஆளின் உயரம் அவர் தலையின் உயரத்தைப் போல ஏழு, ஏழரை மடங்கு இருக்கும். ஆடைப் படத்தில் இதை ஒன்பது மடங்கு வரை இழுத்துவிடுவார்கள், இழுப்பதில் பெரும்பகுதி காலுக்குப் போகும். தையற்கூடத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனவே நீளத்தைப் படத்தில் அளந்து பயனில்லை. மேலங்கி முழங்காலுக்கு எவ்வளவு கீழே முடிகிறது, பாக்கெட் இடுப்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்ற ஒப்பீடுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வெளிக்கோடு. கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தால் உள்விவரங்கள் மறைந்து மேலங்கி ஒரு நிழலாக நிற்கும். அந்த நிழலின் வடிவத்தைத்தான் பாரிஸில் 'லீன்ய்', அதாவது கோடு, என்றார்கள். ஒவ்வொரு தொகுப்புக்கும் டியோர் ஒரு கோட்டின் பெயரைச் சூட்டுவார். சில சமயம் ஆங்கில எழுத்தையே பெயராக வைத்தார். 1954 இலையுதிர் தொகுப்பு 'ஹெச்': மார்பும் இடுப்பும் துருத்தாமல் இரண்டு பக்கமும் நேராக இறங்குவது. 1955 வசந்தத் தொகுப்பு 'ஏ': தோள் குறுகிக் கூரை போலக் கீழே விரிவது. அந்த எழுத்தின் நடுவிலுள்ள குறுக்குக் கோடு, இயல்பான இடத்திலிருந்து கீழே இறங்கிய இடுப்பைக் காட்டும். அதே வருட இலையுதிரில் 'ஒய்': பெரிய காலரும் சால்வையும் மேல்பக்கத்தைக் கனமாக்க, கீழே உடல் ஒல்லியாக ஒரு தண்டு போல இறங்குவது. யோசித்துப் பார்த்தால் இந்த எழுத்துகளே மிகச் சின்ன மேலங்கிப் படங்கள். மூன்று கோட்டில் ஒரு வருடத்து ஆடை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. 1957 அக்டோபரில் டியோர் இறந்த பிறகு, 21 வயதில் அந்த நாற்காலிக்கு வந்த இவ் சேன் லொரான் 1958 ஜனவரியில் காட்டிய முதல் தொகுப்பின் பெயரும் ஒரு வடிவம்தான்: சரிவகம். தோளிலிருந்து இடுப்பைத் தொடாமலேயே விரிந்து இறங்கும் உடுப்பு.

வெளிக்கோட்டைப் பிடித்தாயிற்று. இனி உள்ளே போகலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கை.

மேலங்கியின் கை எப்படித் தோளில் சேர்கிறது என்று பாருங்கள். தோளின் முனையில் ஒரு வளைகோடு இறங்கி அக்குளுக்குள் போனால், அது தனியாக வெட்டி வைத்துத் தைத்த கை. சட்டையில் நாம் தினமும் பார்ப்பது. கழுத்தருகே தொடங்கி ஒரு சாய்கோடு அக்குளை நோக்கிப் போனால் அது ராக்லன் கை. தோளே கையின் பகுதியாகிவிடும், அதனால் தோள் உருண்டையாகத் தெரியும். எந்தக் கோடுமே இல்லாமல் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாகப் போனால் அது கிமோனோ கை, உடம்பும் கையும் ஒரே துண்டாக வெட்டியது. படத்தில் வித்தியாசம் ஒரு சின்னக் கோடு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். தையற்கூடத்துக்கு அது முற்றிலும் வேறு பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரித் தாள்), வேறு வேலை. கிமோனோ கையை இறுக்கமாக வெட்டினால் கையைத் தூக்க முடியாது. தூக்க வேண்டுமானால் அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு சேர்க்க வேண்டும். படத்தில் அந்தத் துண்டு ஒருநாளும் தெரியாது. வரைந்தவர் அதை எழுதவும் மாட்டார். தைப்பவருக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

பிறகு முன்பக்கம். பெண்கள் மேலங்கியில் வலப்பக்கத் துணி இடப்பக்கத்தின் மேல் ஏறி மூடும். ஒற்றை வரிசைப் பட்டன் என்றால் அந்த வரிசைதான் உடலின் நடுக்கோடு. படத்துப் பெண் சற்றுத் திரும்பி நின்றால் பட்டன் வரிசையும் அவளோடு வளையும். அதைப் பார்த்தே மார்பு எங்கே முன்னால் வருகிறது, வயிறு எங்கே உள்ளே போகிறது என்று கணிக்கலாம். பட்டனே இல்லை என்றால் இடுப்பில் ஒரு கையை வைத்து மேலங்கியைப் பிடித்திருப்பது போல வரைந்திருப்பார்கள். பார்க்க ஒய்யாரமாக இருக்கும். மூடுவதற்கு அந்தக் கைதான் வழி என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

தையலையும் மடிப்பையும் பிரித்தறிவது தொடக்கத்தில் கஷ்டம். எனக்கு உதவிய ஒரு வழி இது: ஒரு ஓரத்தில் தொடங்கி இன்னொரு ஓரம்வரை அறுபடாமல் போகும் கோடு பெரும்பாலும் தையல். ஒரு ஓரத்தில் தொடங்கி நடுவில் கூர்மையாக நின்றால் டார்ட், அதாவது உடல் வளைவுக்காகத் துணியைக் கூம்பாக மடித்துப் போடும் தையல். எங்கோ தொடங்கி எங்கோ கரைந்துபோனால் துணியின் மடிப்பு. தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ இடுப்பைத் தாண்டி அடிவரை இறங்கும் இரண்டு நீளத் தையல்கள் தெரிந்தால், இடுப்பில் குறுக்கு வெட்டே இல்லாமல் நீளத் துண்டுகளால் ஆன மேலங்கி என்று அர்த்தம். நியூ லுக் காலத்தின் இடுப்பொட்டிய மேலங்கிகளில் இது நிறைய வரும். அடிப்பக்கம் மணி போல விரிந்து, ஓரக்கோடு அலை அலையாக வளைந்திருந்தால் துணியின் ஒரு பகுதியாவது கிராஸாக, அதாவது நெசவு இழைக்குச் சாய்வாக, விழுகிறது என்று ஊகிக்கலாம். நேர்வாட்டில் வெட்டிய துணி அப்படி அலையாது.

துணியையும் கோடே சொல்லிவிடும். கனத்த கம்பளி மெதுவாக, உருண்டையாக மடியும். அதற்குப் பென்சில் தடிமனாக, சோம்பலாகப் போகும். டஃப்பட்டா போன்ற விறைப்பான பட்டு கூர்மையாக ஒடியும். அங்கே கோடு மூலை மூலையாகத் திரும்பும். நல்ல கலைஞரின் படத்தில் பென்சிலின் வேகத்தை வைத்தே துணியைத் தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும்.

சரி, படத்தில் இல்லாதவை? அவைதான் அதிகம். மேலங்கியின் முன்பக்கம் தொங்காமல் நிற்கிறதே, அதற்கு உள்ளே குதிரைமயிர் கலந்த கேன்வாஸ் இருக்கிறது. அதைத் துணியோடு சேர்க்கச் சாய்வான சின்னத் தையல்களை வரிசை வரிசையாகக் கையாலேயே போடுவார்கள். வெளியே ஒரு தையலும் தெரியக் கூடாது. காலர் கழுத்தைச் சுற்றித் தானாகப் புரண்டு விழுவதும் அந்தத் தையல்களால்தான். இன்னொன்று இஸ்திரிப் பெட்டி. கம்பளிக்கு ஒரு குணம் உண்டு: ஆவி கொடுத்து அழுத்தினால் ஒரு இடத்தில் சுருங்கும், இழுத்தால் இன்னொரு இடத்தில் நீளும். முதுகின் மேல்பகுதி உருண்டு வருவதை டார்ட் போடாமல் இஸ்திரியாலேயே வடிவமைத்துவிடுவார்கள். படத்தில் அந்த முதுகு வெறும் வெள்ளைத் தாள். அதைப் பார்த்து "இங்கே தையல் வேண்டாம் என்கிறார், அப்படியானால் இஸ்திரியில் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று புரிந்துகொள்பவர்தான் நல்ல கூடத் தலைவர். படத்தைப் புகழும்போது இவர்களை விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு எப்போதும் உறுத்துகிற விஷயம். பத்துக் கோட்டுக்குள் அடங்காத அத்தனையையும் நிரப்பியவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பாரிஸ் மேலங்கிப் படம் எல்லாமே குரோக்கி அல்ல. மேலங்கி தைத்து முடிந்த பிறகு பதிவுக்காக வரைந்த படங்களும் உண்டு. அவற்றில் கோடு நிதானமாக இருக்கும், பட்டன் எண்ணிக்கை துல்லியமாக இருக்கும், ஓரத்தில் அந்த மேலங்கியின் எண்ணோ பெயரோ இருக்கும், சின்னத் துணித் துண்டு ஒன்று குண்டூசியால் குத்தியிருக்கும். மூன்றாவதாகப் பத்திரிகைக்காக வரைந்தவை. ரெனே க்ரூவோ போன்றவர்களின் படங்கள் அந்த வகை. அவை பார்ப்பவரை மயக்க வரைந்தவை, தைப்பதற்காக அல்ல. துணித் துண்டும் எண்ணும் இருந்தால் பதிவுப் படம், அவசரமும் தயக்கமும் தெரிந்தால் குரோக்கி என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பதிவுப் படத்துக்குச் சட்டக் காரணமும் இருந்தது. பாரிஸ் ஆடை உலகம் நகலெடுப்பவர்களைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. காட்சிக்கு வரும் வெளிநாட்டு வியாபாரிகள் முன்பணம் கட்ட வேண்டும் அல்லது இத்தனை வாங்குவேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காட்சியின்போது வரையக் கூடாது. ஆனாலும் மேலங்கியை மனதில் பதித்துக்கொண்டு வெளியே போய் வரைந்துவிடும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் இதே வெளிக்கோடு, கை, காலர், தையல் என்ற வரிசையில்தான் பார்த்திருப்பார்கள். பிரான்சில் வடிவமைப்புகளைக் காக்க 1909-லேயே சட்டம் இருந்தது. பருவத்துக்குப் பருவம் மாறும் ஆடைத் தொழிலுக்கென்றே 1952 மார்ச்சில் தனிச்சட்டம் வந்தது. எப்போது, எப்படிப்பட்ட மேலங்கியை உருவாக்கினோம் என்று காட்டத் தேதியிட்ட படம் கையில் இருப்பது நிறுவனத்துக்குப் பலம்.

எல்லாப் பெரிய கலைஞர்களும் வரைந்து தொடங்கியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கோகோ ஷனேல் வரையமாட்டார். மாடல் பெண்ணை நிற்க வைத்து, உடலின் மேலேயே துணியைக் குத்தியும் வெட்டியும் வேலை செய்தார். ஸ்பெயினிலிருந்து வந்து 1937-இல் பாரிஸில் கடை திறந்த கிறிஸ்தோபல் பலென்சியாகாவும் துணியிலிருந்து தொடங்குபவர். வெட்டவும் தைக்கவும் அவருக்கே தெரியும். 1961-இல் அவர் செய்த ஒரு மேலங்கி ஒரே துண்டுத் துணியில், ஒரே ஒரு தையலில் ஆனது. அதைப் படமாக வரைந்தால் தோளிலிருந்து இறங்கும் உருண்டையான ஒரு உருவம் தெரியும், அவ்வளவுதான். அதன் அருமை முழுக்கத் துணி எப்படி மடிந்து கையாகவும் உடம்பாகவும் ஆகிறது என்பதில் இருக்கிறது, அதைப் பேட்டர்னில்தான் பார்க்க முடியும். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2017-இல் பலென்சியாகா கண்காட்சி நடத்தியபோது, உடுப்புகளின் உள்கட்டமைப்பைக் காட்ட எக்ஸ்-ரே எடுத்து வைத்தார்கள்.

மறுபக்கம், ஒரே ஒரு மேலங்கிப் படம் வாழ்க்கையை மாற்றிய கதையும் உண்டு. 1954-இல் சர்வதேசக் கம்பளிச் செயலகம் பாரிஸில் இளம் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. அனுப்ப வேண்டியது படம்தான். கவுன் பிரிவில் பரிசு பெற்றவர் இவ் சேன் லொரான். மேலங்கிப் பிரிவில் பரிசு பெற்றவர் ஹாம்பர்க் நகரிலிருந்து பாரிஸுக்கு வந்திருந்த கார்ல் லாகர்ஃபெல்ட். வென்ற படங்களைப் பெரிய நிறுவனங்கள் தைத்துக் கொடுத்தன. கவுன் ஜிவான்ஷியின் கூடத்திலும், மேலங்கி பியேர் பால்மேனின் கூடத்திலும் உருவாயின. சேன் லொரான் 1955-இல் டியோரிடம் உதவியாளராகச் சேர்ந்தார், லாகர்ஃபெல்ட் பால்மேனிடம். தன் தாளில் இருந்த கோடுகளை அனுபவசாலிகள் கம்பளியில் நிறுத்தியதை 21 வயதுப் பையன் பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு கற்றுக்கொண்டிருப்பான் என்று நினைக்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

இந்தப் படங்களை நேரில் பார்க்க நினைத்தால், டியோர் சிறுவயதில் வாழ்ந்த கிரான்வில் நகரத்து வீடு இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகமாக இருக்கிறது. பாரிஸில் மொந்தேன் அவென்யூ கட்டடத்தை ஒட்டி 2022-இல் டியோர் காட்சிக்கூடம் திறந்தார்கள். காலியேரா அரண்மனையிலுள்ள நகர ஆடை அருங்காட்சியகத்தில் மற்ற பல நிறுவனங்களின் படங்களும் இருக்கின்றன. போக முடியாவிட்டால் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளே போதும். ஒரு மேலங்கிப் படம் கண்ணில் பட்டால் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தோளிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் தாளின் மூலையில் முதுகுப்பக்கத்தைக் குட்டியாக வரைந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். முன்பக்கத்தில் சொல்லாமல் விட்ட பெல்ட்டும் மடிப்பும் பல சமயம் அங்கேதான் இருக்கும்.